வடிச்சல் நாள்

காசு கொடுத்துத் தங்க வரும் விருந்தாளி ஒருவர் எங்கள் தீவின் துறையில் கால் வைத்தால் அந்தக் கணமே எங்கள் எல்லோருடைய குரலும் போய்விடும், கடைசி விருந்தாளி வள்ளமேறிப் போனதும் திரும்பி வந்துவிடும். கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பைப் போலவும் சோளகக் காற்றைப் போலவும் இது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று என்பதால் ஏன் எப்படி என்று கேட்பவர்களிடம் சொல்ல எங்களிடம் அதிகம் இல்லை.

முதன்முதல் வந்தவள் குளிர்நாட்டுப் பெண் ஒருத்தி, எந்த மருந்துக்கும் மசியாத நித்திரையின்மையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். துறையில் இறங்கி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, தனக்கு வேண்டியது அமைதி மட்டும்தான் என்று தன் மொழியில் சொன்னாள். கம்பத்தில் இருந்த காகம் அப்போது வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. நாய் குரைத்தது, வரவில்லை. அவளை வரவேற்பதற்காகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இங்கிலீசில் பாடமாக்கி வந்திருந்த ஊர்ச் சங்கத் தலைவர் கபிரியேல் முழுப் பேச்சையும் உதட்டால் பேசி முடிக்க, அவள் அவரைப் பிறவி ஊமை என்று எண்ணி அவருடைய கையைப் பிடித்து அழுதாள். தீவு அவள் சொன்னதைக் கேட்டது, அவ்வளவுதான். எழும்பு என்றவர்களுக்கு எழும்பி, போ என்றவர்களுக்குப் போய், ஒரு தலைமுறை கழித்து வா என்றபோது வந்து பற்றை வெட்டிக் குடியேறிய சனத்தின் தீவு அது. வாயை மூடு என்று சொன்னால் மூட அதற்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

அவள் மறுநாள் மத்தியானம் வரை தூங்கினாள், எழுந்து உலகத்துக்கு எழுதினாள். அதன் பிறகு மற்றவர்கள் வந்தார்கள். முதுகு பிடித்தவர்கள், மணமுறிவு ஆனவர்கள், கொழும்பில் வேலை செய்து செய்து சிரிக்க மறந்தவர்கள். அவர்களுக்காகக் கிழக்குக் கரையில் கிடுகுக் கூரை போட்டு, கூரைக்குக் கீழே குளிர்காற்றுப் பெட்டி பூட்டி, எண்ணெய் தேய்ப்பும் வேப்பிலைக் குளிப்பும் சிரட்டையில் இலைக்கஞ்சியும் வைத்து, ‘அமைதி’ என்ற பெயரில் விடுதி ஒன்று எழும்பியது. விருந்தாளிகளின் தொண்டைக்கு மட்டும் எந்தக் குறையும் வரவில்லை. கபிரியேலின் மூத்த மகன் பாரிசிலிருந்து பல வருடம் கழித்து வந்தபோது, தகப்பன் வீட்டுக் கக்கூசு சரிவராது என்று விடுதியில் அறை எடுத்தான். அவன் துறையில் கால் வைத்ததும் கபிரியேலின் குரல் போனது. அணைத்துக்கொண்டு நின்றார், மகனே என்று சொல்ல முடியவில்லை, தீவு அவனை யார் என்று முடிவெடுத்துவிட்டது.

போன குரல் கெட்டுப்போவதில்லை. உதடு அசைத்துச் சொன்னதெல்லாம் சொன்ன இடத்திலேயே காற்றில் தேங்கிக் கிடந்து, கடைசி விருந்தாளி போனதும் வடியத் தொடங்கும், மாரி மழைக்குப் பிறகு வயல் வடிவதைப் போல. ஆகவே அந்த நாளுக்கு வடிச்சல் நாள் என்று பெயர் வைத்தோம். வடிச்சலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முழுத் தீவுக்கும் ஒரே வரிசை, முன்னால் சொன்னது முன்னால், பின்னால் சொன்னது பின்னால், இடையில் கிடந்த மௌனத்தை மட்டும் தீவு வடிகட்டி எடுத்துவிடும். ஒரு கிழமைப் பேச்சு அப்படி ஒரு காலைக்குள் ஓடி முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் “ஏழெட்டு எத்தினை?” என்று கேட்ட குரலுக்கு அடுத்ததாகக் கள்ளுக்கொட்டிலில் “இன்னும் ஒண்டு ஊத்து” என்ற குரல் வந்து விழுந்ததற்கு நாங்கள் பல நாள் சிரித்தோம். அம்மிக்கு மட்டும் சொன்ன மாமியார் கதை மாமியார் அம்மியடியில் குந்தியிருக்கும்போது வந்து விழுந்ததும் உண்டு. உதட்டால் பூசை வைத்த சுவாமியார், பிறகு ஆளில்லாத கோயிலில் தன் குரல் தனியே பூசை வைப்பதைக் கேட்டுத் திடுக்கிட்டு, அந்தப் பூசை செல்லுமா செல்லாதா என்று மேலிடத்துக்கு எழுதினார், பதில் இன்னும் வரவில்லை. மெல்ல மெல்ல வாயை மூடியிருக்கப் பழகினோம். ஆனால் தனியே இருக்கும்போது உதடு தன் பாட்டுக்கு அசையும், அதை யாரும் கட்டிவைக்க முடியாது.

யார் எப்போது வருவது, எத்தனை நாள் இருப்பது, எந்த நோவுக்கு எந்த எண்ணெய், எந்த அறையில் நின்றால் பொழுதுபடுவது தெரியும் என்று எல்லாம் திட்டம் போட்டவள் கபிரியேலின் இளைய மகனைக் கட்டிய மருமகள் டிலானி. கடலுக்கு அந்தப் பக்கம், கரையில் படித்தவள், மடிக்கணினியைக் குழந்தையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவாள். ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வருவதற்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ இடைவெளி விடுவாள். எங்கள் கலியாணம், ஞானஸ்நானம், சண்டை, சமாதானம், ஒப்பாரி எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான். துறைக்கு அப்பால் கடலுக்குள் நட்ட பச்சைக் கம்பத்தைத் தாண்டினால் யாருக்கும் குரல் வந்துவிடும் என்பதால் அவளிடம் கேட்க வேண்டியதை எல்லாரும் வள்ளத்தில் வைத்துக் கேட்பார்கள்.

“பிள்ளை, மாசிக் கடைசியில எனக்கொரு ரெண்டு நாள் விட்டுவை” என்று கிழவர் மாசிலாமணி ஒருமுறை கேட்டார்.

“என்னத்துக்கு அப்பு?”

“சாகத்தான். அழுறதுக்கு ஆக்களுக்குத் தொண்டை வேணுமெல்லே.”

டிலானி விட்டுவைத்தாள், அவரும் சொன்ன சொல் தவறாமல் செத்தார், நாங்கள் கடல் கேட்க அழுதோம்.

சவிரிமுத்து அப்படிச் சொல்லிவைத்துச் சாகவில்லை. விருந்தாளிகள் குளிக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்று தெற்குத் தோட்டத்தில் விடுதிக்காரர் ஒரு கிணறு வெட்டி, உப்பு ஊறியதும் கட்டுக் கட்டாமல் கைவிட்டுப் போயிருந்தார்கள். ஆட்டுக்குக் குழை வெட்டப் போன சவிரிமுத்துவின் காலடியில் அதன் விளிம்பு இடிந்தது. விழுந்தவனுக்குக் கால் முறிந்தது, உயிர் போகவில்லை. அங்கிருந்து அவனுடைய வீடு கூப்பிடு தூரம். ஆனால் தீவில் விருந்தாளிகள் இருந்தார்கள்.

அவனுடைய மனைவி பிலோமினா தேடவில்லை. கரையில் அவனுக்குக் கள்ளுத் தவறணையும் கூட்டாளிகளும் இருந்தார்கள், வீட்டில் கோபித்துக்கொண்டு நாலைந்து நாள் காணாமற் போவதும் பிறகு மீன் பறியோடு வந்து நிற்பதும் அவனுக்குப் புதினமல்ல.

கத்திப் பயனில்லை என்று கண்ட சவிரிமுத்து கல்லை எடுத்துக் கிணற்றுச் சுவரில் தட்டத் தொடங்கினான். கல்லுக்குத் தொண்டை இல்லை, அதனால் அதன் சத்தம் போகவில்லை. டொக், டொக் என்று அது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. விடுதிக்காரர் எங்கோ கல்லுடைக்கிறார்கள் என்று நினைத்தோம். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

விடுதியில் இருதயம் பழுதான ஒரு பெரிய மனிதர் இருந்தார். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு பெரிய கம்பனியைக் கட்டி எழுப்பியதில் இருதயம் தேய்ந்துபோனவர். அந்தச் சத்தம் தன் நெஞ்சுக்குள் வந்து தட்டுகிறது என்று அவர் டிலானியிடம் முறையிட, டிலானி மாமனாருக்குச் சைகை காட்ட, கபிரியேல் சத்தத்தை நிறுத்துவதற்காகத் தெற்குத் தோட்டத்துக்குப் போனார். காய்ந்த பனையோலைகள் அவருடைய காலில் நொறுங்கின. நொறுங்கும் சத்தம் கேட்டதும் தட்டல் நின்றது. கபிரியேல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மறுபடி தட்டவில்லை. நிறுத்தச் சொன்ன சத்தம் நின்றுவிட்டது, அனுப்பிய வேலை முடிந்துவிட்டது, திரும்பி வந்தார். காலடி கேட்டவன் யாரோ வந்துவிட்டார் என்று கல்லைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் மேலே நீட்டி, இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. அவர் போன பிறகு தட்டல் மறுபடி கேட்டது, மறுநாள் மெலிந்தது, பிறகு இல்லாமற் போனது. பெரிய மனிதர் டிலானிக்கு நன்றி சொன்னார். நெஞ்சு லேசாகிவிட்டதாம்.

ஆடுகள்தான் கண்டுபிடித்தன. குழை கிடைக்காத ஆடுகள் கிணற்றைச் சுற்றி நின்று சத்தமில்லாமல் கத்திக்கொண்டிருந்தன, கிட்டப் போனபோது நாற்றம் வந்தது. பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்து, விருந்தாளிகள் இருக்கும்போதே சேமக்காலைக்குக் கொண்டு போனோம், ஏனென்றால் அந்த உடம்பு இடைநாள் வரை பொறுக்காது. விருந்தாளிகள் வெறுங்காலோடு, காதில் பூச் செருகிக்கொண்டு பின்னால் வந்தார்கள். இவ்வளவு அமைதியான மரணத்தை எந்த நாட்டிலும் கண்டதில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிலோமினா வாயைத் திறந்து திறந்து மூடினாள், பிறகு நெஞ்சில் அடித்தாள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய மனிதர் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தாளத்துக்கு மூச்சு விட்டார். விடுதியின் விளம்பரத்தில் அந்தப் பவனியின் படம் பிறகு வந்தது, கீழே ‘விடைபெறும் கலை’ என்று எழுதியிருந்தது.

மண் மூடிவிட்டுத் திரும்பி வரும்போதே ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரே விசயத்தை நினைத்தோம். இந்தக் கூட்டம் போனதும் வடிச்சல். வடிச்சலில் கிணறு பேசும்.

முதலில் அதை வாயால் சொன்னவர் கபிரியேல், அதுவும் வேறு விதமாக. வள்ளத்தில், கம்பத்துக்கு அப்பால் வைத்து, “சீசன் காலத்தில இடைநாள் விடுறது வீண்தானே, ஒரு கூட்டம் ஏற மற்றக் கூட்டம் இறங்கட்டும்” என்றார். வள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் உடனே தலையாட்டினோம். அந்தத் தட்டலைக் கேட்ட காது எல்லோருக்கும் இரண்டிரண்டு இருந்தது. டிலானி மடிக்கணினியைத் திறந்து இடைநாட்களை ஒவ்வொன்றாக அடைத்தாள். அதன் பிறகு புதியவர்கள் இறங்கி மணலில் நின்ற பிறகுதான் பழையவர்கள் வள்ளமேறினார்கள். கலியாணங்கள் சைகையில் நடந்தன. பிறந்த குழந்தைகள் அழுவதை நாங்கள் வாயைப் பார்த்து அறிந்துகொண்டோம். அதற்கும் பழகினோம்.

பிலோமினா பழகவில்லை. கரையிலிருந்து திரும்பும் வள்ளத்தில் ஒருநாள் டிலானிக்கு எதிரே வந்து குந்தினாள்.

“எப்ப இடைநாள் விடுவாய்?”

“இந்த மாதம் ஏலாது அக்கா, எல்லாம் நிரம்பிட்டுது.”

“வாற மாதம்?”

“அதுவும் சொல்லேலாது…”

“என்ர மனுசன் உள்ளுக்க கிடந்து கடைசியா என்ன சொன்னவர் எண்டு நான் கேக்க வேணும். வேற ஒண்டும் வேண்டாம். அரை நாள் விடு.”

கபிரியேல் கடலைப் பார்த்தபடி, “செத்தவனை நிம்மதியா விடு பிள்ளை” என்றார்.

“நிம்மதி அவருக்கோ, உங்களுக்கோ, கபிரியேல் அண்ணை? உங்களுக்கேன் வேர்க்குது? நல்லாக் காத்தடிக்குதே.”

யாரோ சிரித்து, சிரிப்பை இடையில் விழுங்கினார்கள். மீன் கூடையோடு இருந்த எஸ்தம்மா, “அவன் என்னடி பெரிசாச் சொல்லியிருப்பான், தண்ணி கேட்டிருப்பான்” என்றாள், ஆறுதலாகத்தான்.

“அப்ப அதையெண்டாலும் கேக்கிறன். குடுக்கத்தான் இல்லை, கேக்கவாவது விடுங்கோவன். உங்களுக்கெல்லாம் பயம். ஆரார்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவரோ எண்டு பயம். அதுதான் அந்த மனுசனுக்கு மேல வெள்ளைக்காரரைக் கொண்டுவந்து அடுக்கிறியள், கல்லறைக்குக் கல்லு வைக்கிற மாதிரி. நான் ஒருத்தி இருக்கிறன் எண்டு—”

கம்பம் வந்தது. அவளுடைய வாய் அசைந்துகொண்டே வந்தது, நாங்கள் துறை வரும்வரை எங்கள் பைகளுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை தெற்குத் தோட்டத்தில் டொக், டொக் என்று கேட்டது. எங்களில் சிலர் சிலுவை போட்டுக்கொண்டோம். போய்ப் பார்த்தால், பிலோமினா கிணற்றடியில் குந்தியிருந்து கல்லால் கல்லில் தட்டிக்கொண்டிருந்தாள். கல்லைப் பறித்தோம், இன்னொன்றை எடுத்தாள், எங்கள் தீவில் கல்லுக்கா பஞ்சம்? கூட்டிக்கொண்டு போய் அவளுடைய வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டினோம், அகப்பையால் சுவரில் தட்டினாள். அகப்பை, உலக்கை, சிரட்டை எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம், நெற்றியால் தட்டினாள். அந்தச் சத்தம் மற்றதைவிட மோசமாக இருந்ததால் கதவைத் திறந்துவிட்டோம். விருந்தாளிகளுக்கு டிலானி காதுக்குப் பஞ்சு கொடுத்தாள், வடக்கு அறைகளுக்கு மாற்றினாள், இது இங்குள்ள ஒரு பழைய பிரார்த்தனை என்றுகூட மடிக்கணினியில் எழுதிக் காட்டிப் பார்த்தாள். இரண்டு நாள் அதற்கும் கண்ணை மூடி மூச்சு விட்டார்கள். பிறகு இந்த இடத்தின் சக்தி கெட்டுவிட்டது என்று ஒருவர் ஒருவராய்ப் பெட்டியைக் கட்டினார்கள். வரவிருந்தவர்கள் வேறு தீவைத் தேடிக்கொண்டார்கள். கடைசியாக ஒரு கிழத் தம்பதி மட்டும் நின்றது. அவர்களும் ஒரு காலையில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வள்ளமேற, வள்ளம் துறையை விட்டது.

முதலில் சேவல்கள். சவிரிமுத்து விழுவதற்கு முன் கூவிய விடியல்கள் வேலிகளின் மேலிருந்து வடிந்தன, நாய்கள், காகங்கள், பள்ளிக்கூடத்தின் பாடங்கள், குழந்தைகளின் அழுகை. நாங்கள் யாரும் எங்கள் வீட்டு வடிச்சலைக் கேட்க நிற்கவில்லை. யாரும் யாரையும் கூப்பிடாமலே தெற்குத் தோட்டத்துக்குப் போய்க் கிணற்றைச் சுற்றி நின்றோம். பிலோமினா நெற்றிக் காயத்தோடு விளிம்பில் முழங்காலில் இருந்தாள்.

“ஐயோ!” என்றது கிணறு. பிறகு மண் துப்பும் சத்தம். பிறகு, “ஆராவது நிக்கிறியளோ?” பிறகு, நாங்கள் பயந்தபடியே, எங்கள் பெயர்கள். அவன் யாரையும் மறக்கவில்லை. எஸ்தம்மா என்றான், வாத்தியார் என்றான், சுவாமி என்றான், பெயர் கேட்ட ஒவ்வொருவரும் கன்னத்தில் அறை வாங்கியவரைப் போல ஓரடி பின்னால் வைத்தோம்.

“ஆரது? கபிரியேல் அண்ணையே? அண்ணை, நடை உங்கட நடைதான், தெரியுது! அண்ணை, நான் சவிரி. கீழ, கீழ பாருங்கோ. ஒருக்கா எட்டிப் பாருங்கோ அண்ணை. அண்ணை, போறியளோ? அண்ணை, போகாதேங்கோ!”

கபிரியேல் தலையைக் குனிந்து, பனையோலைமேல் நின்ற தன் கால்களைப் பார்த்தார். பிலோமினா எழுந்தாள். எங்கள் ஒவ்வொருவருடைய முகத்தையும் ஆறுதலாக, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டு வந்தாள், நாங்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் தாழ்த்தினோம். அந்தக் கணத்தில் அவள் எங்களை என்ன செய்திருந்தாலும் நாங்கள் பேசாமல் வாங்கியிருப்போம்.

“பிலோ” என்றது கிணறு.

அவள் எங்களை விட்டுவிட்டு விளிம்பில் விழுந்து படுத்தாள். “ஓம், நான் நிக்கிறன். சொல்லுங்கோ. இஞ்சதான் நிக்கிறன், சொல்லுங்கோ.”

“போய்த் துலை!” என்றது ஒரு குரல்.

அது கிணற்றிலிருந்து வரவில்லை. கூப்பிடு தூரத்தில், பிலோமினாவின் வீட்டுக் குசினி அடுப்படியிலிருந்து வந்தது. அவள் தலையைத் தூக்கினாள். சொந்தக் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் உடனே பிடிபடுவதில்லை. அவளுக்கு முன்னால் எங்களுக்குப் பிடிபட்டது.

“பிலோ, கேக்குதே உனக்கு?”

“இனி உன்ர சத்தமே இந்த வீட்டில கேக்கப்படாது.”

“ஒரு கயிறெண்டாலும் எடுத்துக்கொண்டு வாவன்…”

“வரட்டும், வந்து பாக்கட்டும், கதவு துறந்தால் என்னைக் கேள். சாகட்டும். செத்தால் ஆர் அழப்போகினம்?”

“பிலோ, நாவறளுது. கொஞ்சம் தண்ணி.”

“குடி. குடிச்சுக் குடிச்சு அங்கயே கிட.”

அவன் கரையில் தவறணையில் இருக்கிறான் என்று நினைத்து அடுப்புக்கும் சட்டிக்கும் சொன்னவை அவை, எந்த வீட்டிலும் எந்த அடுப்பும் கேட்கிறவை. இடையில் ஒரு பகல் கிடந்திருக்கும், ஓர் இரவு கிடந்திருக்கும், தீவு அவற்றை வடிகட்டி எடுத்துவிட்டு, கேள்விக்குப் பக்கத்தில் பதிலை ஒழுங்காகக் கொண்டுவந்து வைத்தது. பிலோமினா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தினாள். வாய் ஏற்கனவே மூடித்தான் இருந்தது. எழுந்து வீட்டுப் பக்கம் ஓடினாள், பாதி வழியில் நின்றாள், ஓடிப்போய் எதைப் பொத்துவது? திரும்பி வந்து, கூட்டத்தில் டிலானியைத் தேடிப் பிடித்து, அவளுடைய சட்டையைப் பற்றி உலுக்கினாள்.

“ஆரையாவது கூப்பிடு! டிலானி, என்ர குஞ்செல்லே, ஆரையாவது கூப்பிடு. அந்த நெஞ்சு வருத்தக்காரனைக் கூப்பிடு. போன கிழடுகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வா. ஒராள் போதும், ஒராளைத் துறையில இறக்கு!”

டிலானியின் கையில் போன் ஏற்கனவே இருந்தது. கபிரியேல் சொல்லாமலே, நாங்கள் யாரும் சொல்லாமலே அவள் அழைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அழைப்பாக முடித்துவிட்டுப் பிலோமினாவின் கையை மெல்லச் சட்டையிலிருந்து விடுவித்தாள்.

“நாளைக்குத்தானாம் அக்கா. அதுக்கு முதல் ஒருத்தரும் இல்லையாம்.”

நாங்கள் நின்றோம். கிணற்றுக்குள்ளிருந்த குரல் வரவரக் களைத்துக்கொண்டு வந்தது. குசினிக்குள்ளிருந்த குரல் களைக்கவில்லை.